ரப்பர் தேய்த்த பக்கம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளம் தட்டினால் கட்டைவிரல் வலிக்கிறது. அதனால் பேப்பரில் எழுதி, அப்பாவிடம் கொடுத்து ஸ்கேன் போட்டு அனுப்பச் சொல்லப்போகிறேன். எழுத்து கோழி கிண்டின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். ரிட்டையர் ஆனதிலிருந்து பேனா பிடிக்கிற வேலையே இல்லாமல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, நெதர்லாந்தில் நீ படிக்கிற டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தையும் நான் படித்த கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியையும் வைத்து, விளையாட்டுக்கு: "எங்க டெல்ஃப்ட் 1842-லேயே ஆரம்பிச்சதும்மா, உங்க கிண்டி எப்போ?" இன்னொன்று போகிற போக்கில்: கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் விட்டு எடுத்த அளவுகளில் இரண்டு மட்டும் கோட்டிலிருந்து விலகி எங்கேயோ போய் நிற்கின்றன, அந்த இரண்டையும் தூக்கிவிட்டால் வரைபடம் அழகாக வந்துவிடும் என்றாய். முதல் கேள்விக்கு அப்போதே "1794" என்று கத்தினேன். அப்பா அடுத்த அறையிலிருந்து சிரித்தார். இரண்டாவதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

முதலில் 1794-ஐ முடித்துவிடுகிறேன்.

1792-ல் திப்புவோடு போர் முடிந்து பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) திண்டுக்கல்லும் கம்பெனிக்காரன் கைக்கு வந்தன. நிலம் வந்துவிட்டது, எவ்வளவு நிலம் என்று தெரியவில்லை. தெரியாமல் வரி எப்படிப் போடுவது? அளக்க ஆள் வேண்டும். மைக்கேல் டாப்பிங் என்று ஒரு வானியல்காரர் அப்போது மதராஸில் இருந்தார். நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மையத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறதே, 1792 என்று செதுக்கி, அங்கே இருந்த நட்சத்திர ஆய்வகத்தைக் கட்டியவர் அவர்தான். ஜார்ஜ் கோட்டையில் அவர் பொறுப்பில் 1794 மே மாதம் ஒரு சர்வே பள்ளிக்கூடம் தொடங்கியது. மொத்தம் 8 பையன்கள்.

அந்த எட்டுப் பேர் யார் தெரியுமா? எழும்பூர் அநாதை விடுதியிலிருந்து எடுத்த பிள்ளைகள். வெள்ளைக்கார சிப்பாய்களுக்கும் நம்மூர்ப் பெண்களுக்கும் பிறந்து, இரண்டு பக்கமும் ஒட்டாமல் நின்றவர்கள். சீமையிலிருந்து சர்வேயரைக் கப்பலேற்றிக் கொண்டுவருவதைவிட இவர்களைப் பழக்குவது மலிவு. அந்த விடுதியைப் பார்த்துக்கொண்டவர் ஆண்ட்ரூ பெல். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே நடத்தி, பிற்பாடு இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்று பெயர் வாங்கினார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை கோட்டு போட்டுக்கொண்டு கப்பல் ஏறிய கதை என்று வைத்துக்கொள்.

டாப்பிங் அதிக நாள் இருக்கவில்லை. 1796-ல் மசூலிப்பட்டினத்தில் இறந்துபோனார். அவருக்குப் பின் கோல்டிங்ஹாம். நம் ராஜாஜி ஹாலைக் கட்டிய அதே ஆள். கிண்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பரங்கிமலைப் பக்கம் 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி லாம்ப்டன் சங்கிலியை நீட்டி இந்தியாவின் பெரிய நில அளவையைத் தொடங்கினார். முதல் கோடு சுமார் 12 கிலோமீட்டர். 100 அடிச் சங்கிலியை 400 தடவை நீட்டி, நீட்டி. உன் சின்ன வயதில் அந்த மலைக்குக் கூட்டிப்போய் லாம்ப்டன் சிலையைக் காட்டினேன். நீ ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

சரி, இப்போது ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 1794-ல் இருந்தது அளக்கிற பள்ளிக்கூடம். பாலமோ அணையோ அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. இன்ஜினியரிங் என்று பெயர் வந்தது 1858-ல், கல்லூரி என்று ஆனது 1859-ல். வடக்கே ரூர்க்கி இன்ஜினியரிங் கல்லூரிக்காரர்கள் 1847-ஐக் காட்டி எங்களிடம் சண்டைக்கு வருவது இதனால்தான். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, கங்கைக் கால்வாய் வெட்ட ஆள் வேண்டும் என்று இன்ஜினியரிங்குக்கென்றே ஆரம்பித்த இடம் அது. ஆக, பென்ச் மார்க்கை, அதாவது அளவைத் தொடங்குகிற கல்லை, எங்கே வைக்கிறாய் என்பதைப் பொறுத்தது. 1794-ல் வைத்தால் உன் டெல்ஃப்ட்டுக்கு நாங்கள் 48 வயது மூத்தவர்கள். 1859-ல் வைத்தால் 17 வயது இளையவர்கள். ஞாயிற்றுக்கிழமை கத்தினபோது இதை நான் சொல்லவில்லை. அப்பா சிரித்தது இதனால்தான்.

கிண்டிக்கு வந்ததே 1920-ல்தான். அதற்கு முன்னால் சேப்பாக்கத்தில், ஆற்காட்டு நவாபின் கலச மகாலில் பல வருஷம் வகுப்பு நடந்தது. 2012-ல் தீப்பிடித்து எரிந்ததே, அதே கட்டடம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்து சேர்ந்தன. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் வந்தபோது கல்லூரி அதற்குள் போனது. நான் சேர்ந்தது 1981.

அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! மணிக்கூண்டுக்குக் கீழே நுழைந்தால் வெளியே கொளுத்துகிற வெயில் சட்டென்று நின்றுவிடும், அவ்வளவு தடிமன் சுவர். ஃபேன் இல்லாமலே உட்கார்ந்து படிக்கலாம். டிராயிங் ஹாலில் நாலு மணி நேரம் நின்றுகொண்டே வரைந்துவிட்டு, டிராஃப்டர் என்கிற வரைகருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிண்டி ஸ்டேஷனுக்குப் போவோம். மின்சார ரயிலில் அந்த டிராஃப்டர் யார் முழங்காலையாவது இடிக்கும். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய கேசியோ கால்குலேட்டர்தான் என் முதல் சொத்து. ஒர்க்‌ஷாப்பில் ரம்பமும் அரமும் பிடித்து உள்ளங்கை காய்த்துப்போனதைப் பார்த்துப் பாட்டி அழுதாள். கான்கிரீட் கியூபை 28 நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, மெஷினில் வைத்து உடைக்கும்போது ஒரு சத்தம் வரும் பார், அதைக் கேட்கவே இன்னொரு தடவை படிக்கலாம். முதல் வருஷம் மேத்ஸில் ஒரு அரியர் வைத்தேன். இது உனக்குத் தெரியாது. உன் கெமிஸ்ட்ரி மார்க்குக்காக நான் உன்னைத் திட்டின நாளெல்லாம் அப்பா என்னைப் பார்த்துப் புன்னகைத்ததற்குக் காரணம் அதுதான்.

லலிதா அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அப்பாவுக்குக் கிண்டி என்றால் வர்கீஸ் குரியன். ஆமாம், அமுல் குரியன், எங்கள் மெக்கானிக்கல்காரர். எனக்கு லலிதாதான். 15 வயதில் கல்யாணம், 18-ல் கையில் நாலு மாதப் பெண் குழந்தையோடு விதவை. அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டியிலேயே எலெக்ட்ரிக்கல் பேராசிரியர். மகளை மூலையில் உட்காரவிடாமல், அப்போதைய முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி, அரசாங்க அனுமதி வாங்கி, 1940-ல் சேர்த்துவிட்டார். எட்டு அநாதைப் பையன்களுக்குத் திறந்த கதவு ஒரு பெண்ணுக்குத் திறக்க 146 வருஷம் ஆகியிருக்கிறது. அவருக்குப் பின்னாலேயே சிவிலில் லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் வந்தார்கள். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித்துறைக்கே தலைமைப் பொறியாளர் ஆனார். நான் பொதுப்பணித்துறையில் ஏ.இ.யாக, அதாவது உதவிப் பொறியாளராக, சேர்ந்த புதிதில் "பொம்பளை ஏ.இ.யா?" என்று கேட்ட ஒரு கான்ட்ராக்டரிடம் அவர் பெயரைத்தான் சொன்னேன். அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

லலிதா 1943-ல் முடித்தார். பட்டச் சான்றிதழ் ஆண்களுக்கென்றே அச்சடித்து வைத்த படிவம். அதில் 'ஹி' என்று இருந்ததை ஒரு கோடு போட்டு அடித்து, கையால் 'ஷி' என்று எழுதிக் கொடுத்தார்கள். முதலில் இதைக் கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம் வந்தது, புதிதாக ஒன்று அச்சடிக்க என்ன கேடு என்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. புதிதாக அச்சடித்திருந்தால் எப்போதும் அப்படியே இருந்த மாதிரி ஆகியிருக்கும். அடித்து எழுதியதால்தான் முன்னால் என்ன இருந்தது என்பதும் தெரிகிறது.

இதை எனக்கு உறைக்கச் செய்தது சர்வே கேம்ப்.

இரண்டாம் வருஷம் முடிந்து ஒரு கிராமத்தில் கேம்ப் போட்டார்கள். பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கல், காலை நாலரைக்குக் குளியல், ஆறு மணிக்கு வயலில். எங்கள் குழுவில் ஆறு பேர். ஒரு நாள் லெவல் எடுக்கிற வேலை. உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்கிறேன்: உயரம் தெரிந்த ஒரு கல்லிலிருந்து கிளம்பி, டம்பி லெவல் என்கிற தொலைநோக்கிக் கருவியை ஒவ்வொரு இடமாக மாற்றி வைத்து, ஸ்டாஃப் என்கிற அளவுக்கோலைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி, கிளம்பின கல்லுக்கே திரும்ப வரவேண்டும். வந்து கணக்குப் போட்டால் கல்லின் உயரம் அதேதான் வரவேண்டும். எங்களுக்கு 3 சென்டிமீட்டர் கூட வந்தது. கல் வளர்ந்துவிட்டது என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு நின்றதும் பயம். அன்று ராத்திரி ஃபீல்டு புக்கைக் கொடுத்தாக வேண்டும். திரும்ப எடுக்க வெளிச்சம் இல்லை.

புக் எழுதுகிறவள் நான். அரிக்கேன் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டேன். ஒரு இடத்தில் 1.465 மீட்டர் என்று இருந்ததை ரப்பரால் தேய்த்து 1.445 ஆக்கினேன். இன்னொரு இடத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைத்தேன். கூட்டிப் பார்த்தால் கல் அதே உயரத்துக்கு வந்து சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. பிழை பூஜ்யம்.

புரொஃபசர் புக்கை வாங்கினார். கணக்கைப் பார்க்கவே இல்லை. பக்கத்தைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்தார். தேய்த்த இடத்தில் காகிதம் மெலிந்து வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தது. 1.445-இல் இருந்த நாலுக்கு நடுவே ஒரு ஊசி ஓட்டை கூட. "பூஜ்யம் வயலில் விளையாதும்மா" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, மார்க் குறைக்கவும் இல்லை. "தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடி, மேலே சரியானதை எழுது. அடித்தது படிக்கிற மாதிரி இருக்கணும். காலையில் ஆறு பேரும் திரும்பப் போங்க."

போனோம். வழியெல்லாம் என்னிடம் யாரும் பேசவில்லை. ஐந்தாவது ஸ்டாஃப் இடம் ஒரு வரப்பு. வாய்க்காலில் முதல் நாள்தான் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள், வரப்பு ஊறி சேறாகிக் கிடந்தது. ஸ்டாஃபை வைத்து ஒரு தடவை அளந்துவிட்டு, கருவியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடம் போய்த் திரும்ப அதே ஸ்டாஃபைப் பார்ப்பதற்குள் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. ஸ்டாஃப் பிடித்த பெண்ணின் செருப்பும் கூடவே புதைந்த தடம் அங்கேயே இருந்தது. 3 சென்டிமீட்டரும் அந்தச் சேற்றுக்குள் இருந்தது. நான் ரப்பர் தேய்த்ததோ அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு இரண்டு இடங்களில்.

பிற்பாடு வேலையில் எத்தனை ஏரிக்கரை, எத்தனை மதகு பார்த்தேன்! கரையில் ஒரு இடம் மட்டும் லெவல் ஒத்துவரவில்லை என்று ஜூனியர் யாராவது வந்து நின்றால், கணக்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் அங்கே போய் மண்ணை மிதித்துப் பார் என்றுதான் அனுப்புவேன்.

உன் இரண்டு அளவுகள் வெறும் கைத்தவறாகவே இருக்கலாம். நான் தொட்டியைப் பார்க்கவில்லை, நீதான் பார்த்தாய். ஆனால் அந்த இரண்டையும் எடுத்தது ஒரே நாளா, வேறு வேறு நாளா? பம்பு அன்றைக்கு ஒழுங்காக ஓடியதா? அடியில் போட்ட மணல் இடம் மாறியிருந்ததா? உன் நோட்டில் இருக்கும், இல்லையென்றால் மறப்பதற்குள் எழுதி வை. தூக்கத்தான் வேண்டும் என்றாலும் ஒரு கோடு போட்டு அடி, ஏன் அடித்தாய் என்று பக்கத்தில் எழுது.

அந்த ஃபீல்டு புக் பரண்மேல் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அப்பாவை ஏணி போட வைத்து எடுத்துவிட்டேன். ஓட்டை இருக்கிற பக்கத்தை ஜன்னலுக்கு எதிரே பிடித்து ஃபோட்டோ எடுத்து இதோடு அனுப்புகிறேன். பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் வெள்ளிக்கிழமை கூரியரில் போகும். போன தடவை மாதிரி ஊறுகாயைப் பால்கனியில் வைத்து மறந்துவிடாதே.

அம்மா

பி.கு.: ஸ்கேன் போடுகிறபோது அப்பா அரியர் வரைக்கும் படித்துவிட்டார். 1859 பற்றி இனி வாயே திறக்கமாட்டாராம், பதிலுக்கு ஏணியில் மறுபடி ஏறச் சொல்லக்கூடாதாம்.