திண்டுக்கல்லில் காலை ஏழரை, இங்கே இரவு பதினொன்று

பியூனஸ் அயர்ஸ்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு நீ திண்டுக்கல்லிலிருந்து கூப்பிட்டபோது இங்கே சனிக்கிழமை இரவு பதினொரு மணி. பின்னால் வாத்தியச் சத்தமும் பெண்களின் சிரிப்பும் கேட்டதாகவும், நான் அவசரமாகப் போனை வைத்துவிட்டதாகவும் அம்மாவிடம் நீ சொல்லியிருக்கிறாய். அம்மாவுக்கு விஷயம் மூன்று மாதமாகத் தெரியும். உன்னிடம் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. 56 வயதில் உன் அப்பா, ஜோடியாக அணைத்து ஆடும் இந்த ஊர் நடனமான டாங்கோ ஆடக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இங்கே நான் வேலை செய்யும் தோல் ஆலையில் எல்லோரும் கன்னத்தோடு கன்னம் வைத்துத்தான் காலை வணக்கம் சொல்கிறார்கள். ஆனால் வெள்ளி மாலை கேட்டைத் தாண்டி வந்தால் திங்கள் காலைவரை என்னோடு பேச ஆள் கிடையாது. எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் எல்லாம் தோல், சுண்ணாம்பு, உப்பு, டிரம் என்ற அளவில்தான் இருந்தது. அப்படியொரு மாலையில் பெல்கிரானோ பகுதிப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, நம் ஊர்க் குளங்களின் நடுவே நிற்கும் நீராழி மண்டபத்தைப் போன்ற வட்டமான மேடை ஒன்றில், எழுபது வயதுத் தாத்தாக்களும் இருபது வயதுப் பெண்களுமாகக் கண்ணை மூடிக்கொண்டு ஆடுவதைப் பார்த்தேன். கட்டணம் கிடையாது; 'லா கிளோரியெத்தா' என்று அந்த இடத்துக்குப் பெயர். ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

முதலில் சேர்ந்த வகுப்பில் ஒரு மாதக் கட்டணத்தை முன்னதாகவே வாங்கிக்கொண்டு, எட்டு அடிகள் கொண்ட ஒரு வரிசையை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அதன் முதல் அடியே ஆண் பின்னால் எடுத்து வைப்பது. ஆனால் உண்மையான ஆடுகளத்தில் எல்லா ஜோடிகளும் ஒன்றன்பின் ஒன்றாக, நாம் கோயிலை வலம் வருவதற்கு நேர் எதிர்த் திசையில், வட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கும். அங்கே பின்னால் அடி வைப்பது என்பது ஓடும் பஸ்ஸை ரிவர்ஸில் எடுப்பதற்குச் சமம். என் குதிகால் ஒரு பெரியவரின் காலில் இறங்கியது. அவர் திட்டவில்லை. அடுத்த வாரம் ஆடிப் பழகும் கூடத்துக்கு என்னை வரச்சொல்லி, தானே என் எதிரில் நின்று, என் கையைத் தன் முதுகில் வைத்து, மூன்று வாரம் நடக்க மட்டும் விட்டார். ஆக, இந்த ஊரில் நான் முதலில் அணைத்து ஆடியது 78 வயது ஆண் ஒருவரை. சிரிக்காதே, இது இங்கே பழைய வழக்கம். நூறு வருடத்துக்கு முன் இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கப்பலில் வந்து இறங்கியவர்களில் ஆண்களே அதிகம். 1914 கணக்கெடுப்பின்படி இந்த நகரத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஒரு பெண்ணோடு ஆடும் தகுதி வருவதற்கு ஆணோடு ஆண் பழகித்தான் ஆகவேண்டியிருந்தது.

அந்தப் பெரியவர் என் ரப்பர் அடிச் செருப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ரப்பர் மரத்தரையைப் பிடித்துக்கொள்ளும், திரும்பும்போது முழங்கால் பிசகிவிடும் என்று ஒரு ஜோடி பழைய ஷூவைக் கொடுத்தார். அடித்தோலை மோந்து பார்த்தேன். கெப்ராச்சோ சாறில் பதனிட்டது. கோடாலியையே முறிக்கும் என்ற பொருளில் பெயர் வைத்த அந்த மரம் அர்ஜென்டினாவின் வடக்கே சாக்கோக் காட்டில் வளர்வது. நம் தோல் ஷாப்பில் ஆவாரம் பட்டைக்கு அடுத்தபடியாக நான் முப்பது வருடம் கையாண்ட சரக்கு, இங்கே என் காலடிக்கு வந்திருந்தது.

நீ கவலைப்படுவது தொட்டு ஆடுவதைப் பற்றி என்று தெரியும். நம் ஊரில் கையைப் பிடிக்கவே யோசிக்கும் எனக்கு, மார்போடு மார்பு சேர்ந்து நிற்பது முதலில் வியர்த்துக் கொட்டும் காரியமாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு சட்டதிட்டம் உள்ள நெருக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. பக்கத்தில் போய் 'ஆடலாமா' என்று கேட்கக்கூடாது. மேசையிலிருந்தபடியே கண்ணால் பார்த்து, தலையை அசைக்க வேண்டும். அந்தப் பெண்ணும் தலையசைத்தால் போகலாம், பார்வையைத் திருப்பிக்கொண்டால் யாருக்கும் அவமானமில்லை. இதற்குக் கபேசெயோ என்று பெயர். முதல் இரண்டு வாரம் ஒருவரும் என்னோடு ஆட வரவில்லை. பெரியவர்தான் கண்டுபிடித்தார்: நான் நம் வழக்கப்படி தலையை இடமும் வலமுமாக ஆட்டியிருக்கிறேன், எனக்கு அது 'சரி', அவர்களுக்கு அது 'வேண்டாம், பார்ப்போம்'. கண்ணாடி முன் நின்று, தாடையை மேலும் கீழும் அசைக்க இந்த வயதில் பயிற்சி எடுத்தேன்.

ஒரே இசைக்குழுவின் பாட்டுகள் நான்கு சேர்ந்தது ஒரு தாந்தா. அது முடிந்ததும் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு பாட்டை அரை நிமிடம் போடுவார்கள். எல்லோரும் களத்தைக் காலிசெய்து இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரே ஆளோடு அடுத்தடுத்து ஆடிக்கொண்டே இருந்தால் கூடமே கவனிக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டி சார்லி என்பவரின் இசைக்குழுப் பாட்டுகள் கொண்ட ஒரு தாந்தாவில் முதல் பாட்டு முடிந்ததும், மரியாதைக்காக அந்த அம்மாளிடம் 'கிராசியாஸ்' என்றேன். அவர் முகம் மாறிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தாந்தாவின் நடுவில் நன்றி சொன்னால் 'உன்னோடு ஆடியது போதும்' என்று பொருளாம். அவரை மறுபடி தலையசைக்க வைக்க எனக்கு ஐந்து வாரமாயிற்று.

நட்பாகப் பேசியவர்கள் எல்லாம் என்னை விருந்தாளியாகத்தான் வைத்திருந்தார்கள். இந்தச் சட்டங்களைத் தெரிந்துகொண்ட பிறகுதான், பேச்சு வராவிட்டாலும், எனக்கென்று ஒரு நாற்காலி கிடைத்தது. நீ கூப்பிட்ட அன்று நான் இருந்தது வில்லா உர்கிசா பகுதியில் ஒரு மன்றத்தின் கூடைப்பந்துத் தளம். கோடுகள் போட்ட அந்தத் தரையில்தான் சனிக்கிழமைகளில் ஆடுகிறார்கள். புக்லியேசே என்பவரின் இசைக்குழுத் தாந்தா தொடங்கியிருந்தது, எதிர் மேசையில் ஒருவர் தலையசைத்துவிட்டிருந்தார். போனை வைத்தது அதற்காகத்தான்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: 'வியர்த்தால் மாற்றுச் சட்டை எடுத்துப்போகிறீர்களா?' இங்கே ஆண்கள் பலரும் அப்படி எடுத்துவருவதுண்டு என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை.

டிசம்பரில் அம்மா வருகிறாள் அல்லவா. அதற்குள் நீ ஒரு வேலை செய்யவேண்டும். அவளுடைய இரண்டு பாதங்களையும் செய்தித்தாளில் வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரைந்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படமெடுத்து அனுப்பு. விரல்களின் அடிப்பகுதியில் சுற்றளவையும் நூலால் அளந்து எழுது. இடது கால் கொஞ்சம் அகலம், மறக்காதே. இங்கே எனக்குத் தெரிந்த செருப்புக்காரரிடம் குதிகால் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எதற்கு அளவு என்று அம்மா கேட்டால், வீட்டில் போட்டுக்கொள்ளும் செருப்புக்கு என்று சொல்.

அன்புடன்,
அப்பா