டிப்ளமோ முடித்த டெக்னீஷியன்கள் பட்டம் படிக்க வழி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவம் சார்ந்த படிப்புகளைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2025 ஆகஸ்டில் உத்தரவு போட்டது. அதை வரவேற்றுத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செல்போனில் பாடம் கேட்டவர் நோயாளியின் கையில் ஊசி குத்தலாமா என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். கூடாதுதான். பிளஸ் டூ முடித்துவிட்டு நேராக வரும் பிள்ளைக்கு ஆன்லைனில் பி.எஸ்சி. எம்.எல்.டி. என்ற ஆய்வகப் பட்டம் கொடுத்தால் நானே எதிர்ப்பேன். ஆனால் இந்த உத்தரவு தடுப்பது அந்தப் பிள்ளைகளை மட்டும் இல்லை. டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்து, பத்துப் பதினைந்து வருடமாகத் தினமும் ஊசி குத்திக்கொண்டிருக்கும் எங்களையும் சேர்த்துத்தான். கட்டுரை அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் டி.எம்.எல்.டி. என்ற ஆய்வக டிப்ளமோ முடித்தவன். தென்மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் லேபில் வேலை. எங்கள் கட்டடத்திலேயே எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் என்று எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே ஒரு டிப்ளமோக்காரர் நிற்பார். பெரும்பாலும் ஒரே கதைதான். வீட்டில் மூத்த பிள்ளை, தங்கைக்குக் கல்யாணம் ஆக வேண்டும், இல்லையென்றால் அப்பாவால் இனி வேலைக்குப் போக முடியாது. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. படிப்பு இன்டர்ன்ஷிப்போடு நான்கு வருடம். டிப்ளமோ என்றால் இரண்டு வருடத்தில் கைக்குச் சம்பளம் வந்துவிடும். படிப்பு வராததால் டிப்ளமோவுக்குப் போனவர்கள் இல்லை இவர்கள். வீட்டால் காத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

டிப்ளமோக்காரருக்கு என்ன தெரியும் என்று வெளியில் இருப்பவர்களுக்கு விளங்க, ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். டெங்கு சீசனில் இரவு டியூட்டியில் ஒரு சாம்பிள் வருகிறது. கவுன்ட்டர் மெஷின் பிளேட்லெட் 18,000 என்று காட்டுகிறது. நோயாளிக்கோ உடம்பில் எங்கும் ரத்தக்கசிவு இல்லை. அந்த எண்ணை அப்படியே ரிப்போர்ட்டில் ஏற்றி அனுப்பினால் நடுராத்திரியில் பிளேட்லெட் ஏற்ற ஏற்பாடு நடக்கும், சொந்தக்காரர்கள் டோனரைத் தேடி ஓடுவார்கள். அனுபவமுள்ள டெக்னீஷியன் அதைச் செய்ய மாட்டார். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாகத் தேய்த்து ஸ்மியர் போட்டு, லீஷ்மன் ஸ்டெயின் என்ற சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடின் ஓரத்துக்குப் போய்ப் பார்ப்பார். அங்கே பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். சிலருடைய ரத்தம் ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்க வைத்திருக்கும் ஈ.டி.டி.ஏ. மருந்தோடு சேரும்போது இப்படி ஆகும். கொத்தாக இருப்பதை மெஷினால் ஒவ்வொன்றாக எண்ண முடியாது, அதனால் குறைத்துக் காட்டிவிடும். உடனே வார்டுக்குப் போய், நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி ரத்தம் எடுத்து ஓட்டினால் பெரும்பாலும் உண்மையான கவுன்ட் வந்துவிடும். சிட்ரேட் திரவத்தில் ரத்தம் கொஞ்சம் நீர்த்திருக்கும் என்பதால் வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இவருக்கு ரத்தம் எடுக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளைத் தினமும் ஓட்டி, லீவி-ஜென்னிங்ஸ் சார்ட் என்ற வரைபடத்தில் புள்ளி வைக்கிறோம். ஆறு நாள் தொடர்ந்து புள்ளிகள் சராசரிக் கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் அதன் பின்னால் உள்ள புள்ளியியல் என்ன, எங்கே பிழை என்று யோசிக்க எங்கள் இரண்டு வருடப் படிப்பு போதாது. கொரோனா காலத்தில் ஆர்.டி.-பி.சி.ஆர். செய்யச் சொன்னார்கள், செய்தோம். மாலிக்யூலர் பயாலஜியைப் பாடமாகப் படித்தவர்கள் எங்களில் குறைவு. இம்யூனாலஜி, தர மேலாண்மை, ஆராய்ச்சி முறை, எக்ஸ்ரே பிரிவில் என்றால் எம்.ஆர்.ஐ.யின் இயற்பியல், இதையெல்லாம் இரவு டியூட்டி முடிந்து வந்து தூங்கி எழுந்து, வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் படிக்கலாம். கிருமியை வளர்க்கும் கல்ச்சர் பிளேட்டைப் பார்த்து அதை அடையாளம் காண்பதும், ஏற்றும் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்று பார்க்கும் கிராஸ் மேட்சிங்கும் அப்படி இல்லை. அவற்றைக் கையால் செய்துதான் காட்ட வேண்டும். எது திரையில் கற்கக் கூடியது, எது கூடாது என்று எங்கள் துறையில் பிரித்துச் சொல்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

அமெரிக்காவில் இப்படித்தான் பிரித்திருக்கிறார்கள். அங்கே ரேடியோகிராபர், சுவாச சிகிச்சையாளர், பல் சுகாதாரப் பணியாளர் ஆகியோரில் பலர் இரண்டு வருட அசோசியேட் டிகிரியோடு வேலைக்கு வருகிறார்கள். அந்த இரண்டு வருடத்தில் மருத்துவமனைப் பயிற்சி நேரில் முடிந்து, உரிமத் தேர்வும் எழுதிவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் பட்டப்படிப்பைப் பல பல்கலைக்கழகங்கள் ஆன்லைனில் முடிக்க விடுகின்றன. நோயாளியைத் தொடும் பகுதி ஏற்கெனவே முடிந்துவிட்டதே!

சரி, அமெரிக்காவை விடுவோம். நம் ஊரிலேயே ஜி.என்.எம். என்ற டிப்ளமோ முடித்த செவிலியர்களுக்குப் பட்டம் வாங்கப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இருக்கிறது. பணியில் இருந்தபடியே அதை முடிக்க இக்னோ என்ற மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1990-களிலேயே வழி செய்தது. தொலைதூரக் கல்விதான், ஆனால் செய்முறைப் பயிற்சி குறித்த மருத்துவமனைகளில் நேரில் நடக்கும். பாலிடெக்னிக் முடித்தவர் நேராக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேர்கிறார். கோவையில் மில்லிலும் பவுண்டரியிலும் வேலை பார்த்துக்கொண்டே மாலைநேர பி.இ. முடித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பகலில் வேலை பார்த்ததை யாரும் குறையாகச் சொன்னதில்லை. ஒரே மருத்துவமனையில், ஒரே இரவு டியூட்டியில் பக்கத்தில் நிற்கும் செவிலியருக்கு இருக்கும் வழி லேப்காரருக்கும் எக்ஸ்ரேக்காரருக்கும் ஏன் இல்லை? எங்கள் துறையில் டிப்ளமோக்காரர் நேராக இரண்டாம் வருடத்தில் சேர லேட்டரல் என்ட்ரி என்று சில இடங்களில் இருப்பது முழுநேரப் படிப்பு. வேலையை விட்டுவிட்டுப் போய் உட்கார வேண்டும். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கும் வயதில் அது யாரால் முடியும்?

வழி இல்லாத இடத்தில் புரோக்கர் வருவார். எங்களுக்கும் வந்தார்கள். வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம், இங்கே ஒரு மாடியில் ஸ்டடி சென்டர், வருடத்துக்கு ஒரு முறை தேர்வு. என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் நகையை அடகு வைத்து அப்படி ஒரு பி.எஸ்சி. வாங்கினார். வளைகுடா வேலைக்கு விண்ணப்பித்தபோது சான்றிதழ் சரிபார்ப்பில் அது நிற்கவில்லை. அங்கே டிப்ளமோவுக்கு டெக்னீஷியன், பட்டத்துக்கு டெக்னாலஜிஸ்ட் என்று பதவியும் சம்பளமும் வேறு வேறு. அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் அவர் நகையை வைத்தார். இன்றும் எங்கள் லேபில் மைக்ரோபயாலஜி பெஞ்சில் அவரைவிடத் தெளிவாகப் பார்ப்பவர் கிடையாது.

பொறியியலில் இதே விபரீதம் பெரிய அளவில் நடந்திருக்கிறது. அனுமதி இல்லாமல் தொலைதூரக் கல்வியில் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் கொடுத்த பொறியியல் பட்டங்கள் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டன. ஆனால் 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களை நீதிமன்றம் ஒரேயடியாகக் கைவிடவில்லை. தொழில்நுட்பக் கல்வியைக் கண்காணிக்கும் ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் தேறினால் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று வாய்ப்புக் கொடுத்தது. படித்த வழி தவறாக இருந்தாலும் ஆளுக்கு விஷயம் தெரியுமா என்று சோதித்துப் பார்க்கலாம் என்பதுதான் அதன் பொருள். எங்கள் துறைக்கும் அந்த மனது வேண்டும்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். துணை மருத்துவப் பணியாளர்களுக்கென்று 2021-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த தேசிய ஆணையச் சட்டம் படிப்பை வருடத்தால் மட்டும் அளக்கவில்லை, மணி நேரத்தாலும் அளக்கிறது. டெக்னீஷியன், டெக்னாலஜிஸ்ட் வகையினருக்குக் குறைந்தது 2,000 மணி நேரம். சிகிச்சை அளிக்கும் தெரபிஸ்ட் வகையினருக்குக் குறைந்தது 3,600 மணி நேரம். மணி நேரம்தான் அளவு என்றால், டிப்ளமோவில் நேரில் முடித்த மணி நேரம் எவ்வளவு, பட்டத்துக்கு இன்னும் தேவைப்படுவது எவ்வளவு, அதில் தியரி எவ்வளவு, செய்முறை எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். வேலை அனுபவத்தையும் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2023-ல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பே சொல்கிறது. அது எங்களுக்குப் பொருந்தாது என்று சொல்ல ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

தியரியை ஆன்லைனில் வைக்கட்டும். செய்முறைக்கு மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரிக்கு, வருடத்தில் சில வாரங்கள் வரச் சொல்லட்டும். வேலை பார்க்கும் இடத்திலேயே செய்துவிட்டேன் என்று மருத்துவமனை முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதை ஏற்க வேண்டாம். அது எங்கே போய் முடியும் என்று எங்களுக்கே தெரியும். தேர்வை எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகமே நடத்தட்டும், வழக்கமான மாணவருக்குக் கொடுக்கும் அதே வினாத்தாளைக் கொடுக்கட்டும். தேறாதவருக்குப் பட்டம் வேண்டாம்.

மருத்துவமனைகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. செய்முறை வாரங்களில் லீவு தராவிட்டால் எந்தத் திட்டமும் நடக்காது. இரண்டு பேர் பார்க்க வேண்டிய ஷிப்டை ஒருவரே பார்க்கும் இடங்களில் லீவு கேட்டால் "நீ போய்விட்டால் சாம்பிளை யார் ஓட்டுவது?" என்றுதான் பதில் வரும். அதனால் செய்முறை விடுப்பையும் விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்து, அந்த 2021 சட்டப்படி மாநிலங்களில் துணை மருத்துவப் பணியாளர்களுக்கான கவுன்சில் அமைக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் இந்தக் கோரிக்கையை எடுத்துப் பேச வேண்டிய இடம் அதுதான். எங்களைப் போன்றவர்கள் தனித்தனியாக மனு எழுதினால் பதில் வருவது அரிது. தங்கள் நிருபர் ஒருவர் சுகாதாரத் துறையிடமும் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்திடமும் தேசிய ஆணையத்திடமும், வேலையில் இருக்கும் டிப்ளமோக்காரர் பட்டம் முடிக்க என்ன வழி என்று நேராகக் கேட்டு, வரும் பதிலை அப்படியே வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும். அடுத்த சேர்க்கை தொடங்குவதற்கு முன் வந்தால் நல்லது. புரோக்கர்கள் போன் போட ஆரம்பிப்பது அப்போதுதான்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்புநர் ஒருவர்,
திருநெல்வேலி