27 + 6 என்று எழுதினால் என்ன குற்றம்?

கடலூர் மாவட்டத்தில் தொடக்க வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

மூன்றாம் வகுப்பு விடைத்தாள் விவகாரம் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். "பேருந்தில் 6 பேர் இருந்தனர். அடுத்த நிறுத்தத்தில் 27 பேர் ஏறினர். மொத்தம் எத்தனை பேர்?" என் மகள் 27 + 6 = 33 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ஒரு இன்ட்டு, பக்கத்தில் "வரிசை தவறு", மதிப்பெண் பூஜ்யம். அதே தாளின் முதல் பக்கத்தில் 35 + 48 = 48 + ___ என்ற கோட்டில் 35 என்று நிரப்பியதற்கு முழு மதிப்பெண்! முதல் பக்கத்தில் சரியாக இருந்தது, மூன்றாம் பக்கம் போவதற்குள் எப்படித் தப்பானது?

கேட்டதற்கு, விடைக்குறிப்பில் 6 + 27 என்றுதான் இருக்கிறதாம். சரி, கழித்தலாக இருந்தால் நானே வாயை மூடிக்கொண்டிருப்பேன். 27 - 6 வேறு, 6 - 27 வேறு. கதை நடந்த வரிசையிலேயே எழுதிப் பழகட்டும் என்பதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் கேட்டது மொத்தத்தை. யார் முதலில் ஏறினார் என்று சிதம்பரம் பஸ் கண்டக்டர்கூடக் கேட்பதில்லை. வரிசை மாற்றி எழுதிய பிள்ளைக்கும் மதிப்பெண் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

மதிப்பெண் போனதுகூடப் பரவாயில்லை. முன்பெல்லாம் 27-ஐ மனதில் வைத்துக்கொண்டு ஆறு விரலை மடக்கி, 28, 29 என்று எண்ணி 33-இல் நிறுத்துவாள். யாரும் சொல்லித் தராமல் அவளே கண்டுபிடித்த வழி. இப்போது 6-ஐ மனதில் வைத்துக்கொண்டு 27 விரலுக்கு எங்கே போவாள்? இரண்டு கையும் தீர்ந்து, கால் விரலுக்கு வந்து, நடுவில் விட்டுப்போய், மறுபடியும் 7-இலிருந்து. பெரியதை முதலில் வைத்தால் என்ன என்றால், "டீச்சர் தப்புன்னு சொன்னாங்கம்மா" என்கிறாள்.

வரிசை மாற்றிக் கூட்டினாலும் விடை மாறாது என்பதற்கே ஆறாம் வகுப்பில் பரிமாற்றுப் பண்பு என்று பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். கூடவே, எண்களை எப்படிக் குழுவாகச் சேர்த்தாலும் மொத்தம் மாறாது என்ற சேர்ப்புப் பண்பும் வரும். 98 + 45 + 2 என்றால் 98-ஐயும் 2-ஐயும் முதலில் சேர்த்து நூறாக்கிவிட்டு, அப்புறம் 45-ஐப் போடத் தோன்ற வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் காய் விற்கும் அக்கா இப்படித்தான் கூட்டுகிறார். நல்லவேளை, அவருக்கு விடைக்குறிப்பு கிடையாது.

2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, விளையாட்டாகக் கணக்கு வரும் என்றார்கள். சந்தோஷப்பட்டோம். பெற்றோர் கூட்டத்திலோ ரிப்பன், ஷூ, நோட்டுக்கு அட்டை போடுவது பற்றித்தான் பேச்சு. பிள்ளை எப்படிக் கூட்டுகிறாள் என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. கைடில் இருப்பதை அப்படியே இறக்கி வைப்பவள்தான் கெட்டிக்காரி என்றால், பள்ளிக்கூடம் எதற்கு? ஜெராக்ஸ் கடை போதுமே.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பிள்ளைகளின் தாளைத் திருத்துவது லேசான வேலை இல்லை என்று தெரியும். அடுத்த பருவத்துக்கு விடைக்குறிப்பு தயாரிப்பவர், கூட்டலில் வரிசை மாறினாலும் முழு மதிப்பெண் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதை வகுப்பிலும் பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லிவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவியின் தாய்,
மஞ்சக்குப்பம், கடலூர்.