பாஸ்புக்கில் புரியும்படி எழுதச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கி மோசடிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. ஓடிபி எண்ணைச் சொல்லாதீர்கள், தெரியாத லிங்கைத் தொடாதீர்கள் என்று எச்சரிக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் பணத்தை எடுத்தது திருடனா, வங்கியா என்றே கண்டுபிடிக்க முடியாதபடி பாஸ்புக்குகள் இருக்கின்றன. அதை யாரும் எழுதக் காணோம்.

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அக்கம்பக்கத்தார் பாஸ்புக்கைக் கொண்டுவந்து, "ஐயா, இது என்ன பிடித்தம், பாருங்கள்" என்று நீட்டுவது வழக்கம். பார்த்தால் நான்கைந்து ஆங்கில எழுத்துகள், ஒரு நீண்ட எண், ஒரு தொகை. அவ்வளவுதான். எங்கள் சங்கப் பேரேட்டில் 'இதரச் செலவு' என்று ஒரு வரி இருந்தால் போதும், தணிக்கைக்கு வருபவர் அதன் மேல் பேனாவை வைத்துவிடுவார். எதற்கு, யாருக்கு, எந்தத் தீர்மானப்படி என்று சொல்லாமல் அடுத்த பக்கம் புரட்ட முடியாது. வங்கியை அப்படிக் கேட்க விதி இல்லையா?

இருக்கிறது. பாஸ்புக்கிலும் ஸ்டேட்மெண்டிலும் புரியாத குறிப்புகளைத் தவிர்த்து, சுருக்கமாகவும் விளங்கும்படியும் எழுத வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வெகுகாலமாகச் சொல்லி வருகிறது. 2017 ஜூன் 22 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், என்னென்ன விவரம் இருக்க வேண்டும் என்று பட்டியலே கொடுத்தது. பிறருக்குப் பணம் போனால் பெறுபவர் பெயர். கட்டணமோ அபராதமோ பிடித்தால் அது என்ன கட்டணம், ஏன் பிடிக்கப்பட்டது என்ற காரணம். அதன் பிறகும் என் கைக்கு வரும் பாஸ்புக்குகளில் பெரிய மாற்றம் எதையும் காணவில்லை.

நான் வைத்திருக்கும் ஒரு குறுக்கு வழியை வாசகர்களுக்குச் சொல்கிறேன். வங்கிக் கட்டணங்களுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஆகவே புரியாத தொகையை 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். பைசா இல்லாமல் முழு ரூபாய் வந்தால், அநேகமாக அது வங்கியின் கட்டணம்தான். 17.70 என்றால் 15 ரூபாய். பல வங்கிகள் காலாண்டுக்கு ஒருமுறை எஸ்எம்எஸ்ஸுக்குப் பிடிப்பது. 236 என்றால் 200. ஏடிஎம் அட்டைக்கான ஆண்டுக் கட்டணமாக இருக்கலாம். 27.14 என்றால் 23. இலவச வரம்பைத் தாண்டி ஏடிஎம்மில் பணம் எடுத்ததற்கு, 2025 மே முதல் வாங்கக்கூடிய உச்சத் தொகை. 23.60 என்றால் 20. கணக்கில் பணம் போதாமல் ஏடிஎம் வெறுங்கையோடு அனுப்பியதற்குப் பல வங்கிகள் விதிக்கும் தண்டனை. சில வங்கிகள் ஜிஎஸ்டியைத் தனிப் பதிவாகக் காட்டும். அங்கே இந்தக் கணக்கு எடுபடாது. (எஸ்எம்எஸ் கட்டணத்தை அனுப்பிய அளவுக்குத்தான் வாங்க வேண்டும் என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எத்தனை எஸ்எம்எஸ் அனுப்பினார்கள் என்று எந்த பாஸ்புக்கிலும் நான் பார்த்ததில்லை.)

இந்தக் கணக்கில் சிக்காத இரண்டு தொகைகள் உண்டு: 436 ரூபாயும் 20 ரூபாயும். மே மாதக் கடைசி வாரத்தில் இவை கழிக்கப்படும். பக்கத்தில் 'பிஎம்ஜேஜேபிஒய்', 'பிஎம்எஸ்பிஒய்' என்பது போல ஏதாவது இருக்கும். முதலாவது ஆயுள் காப்பீடு, இரண்டாவது விபத்துக் காப்பீடு. ஒவ்வொன்றிலும் காப்பீட்டுத் தொகை 2 லட்சம் ரூபாய். 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் திட்டங்கள் இவை. கணக்குத் தொடங்கிய நாளில் நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்திட்ட பலருக்கு, தாங்கள் காப்பீடு செய்திருக்கிறோம் என்பதே தெரியாது. சிலர் வீண் பிடித்தம் என்று கோபப்பட்டு நிறுத்தச் சொல்கிறார்கள். இரண்டு வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவருக்கு இரண்டிலும் பிடித்தம் ஆகும்; கிடைக்கப்போவது ஒரே 2 லட்சம்தான், கூடுதலாகச் செலுத்திய பிரீமியம் திரும்பாமலே போகலாம். இதைவிடக் கொடுமை, கணவர் இறந்த பிறகு கணக்கை முடிக்க வரும் பெண்ணின் நிலை. கணவருக்குக் காப்பீடு இருந்ததற்கு அந்த 436 ரூபாய்ப் பதிவுதான் அவர் வீட்டிலிருக்கும் ஒரே சான்று. அதை அவரால் படிக்க முடியாது. கவுன்ட்டரில் இருப்பவரும் கவனிக்காவிட்டால் கணக்கை முடித்து, மீதி இருப்பைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்தவுடன் சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அதில் கைவைத்ததும், தமிழக அரசு கண்டித்ததும் நினைவிருக்கும். இந்தியன் வங்கி, கனரா வங்கி போன்றவை 2025-ல் அந்த அபராதத்தையே கைவிட்டன. அன்று 1,000 ரூபாய் என்று எல்லோருக்கும் தெரிந்ததால் குறைந்தது உடனே தெரிந்தது. மற்ற பிடித்தங்களுக்கு அப்படிக் குரல் எழவில்லை.

மோசடிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று நினைக்க வேண்டாம். வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் பணம் திருடு போனால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு எதுவும் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள் ஆனால் சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரை அவர் தலையில் விழும். இதுவும் ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதிதான். 'வங்கி ஏதோ பிடித்திருக்கும்' என்று பழகிப்போனவர் அந்த மூன்று நாளைக் கோட்டைவிடாமல் என்ன செய்வார்? யுபிஐ பதிவுகளில் இன்னொரு குழப்பம். மளிகைக் கடைக்குக் கொடுத்த பணம் கடைக்காரரின் மருமகள் பெயரில் நிற்கும், அதுவும் பாதியில் வெட்டுப்பட்டு. அதிலுள்ள 12 இலக்க எண்ணைச் செயலியில் உள்ள பரிவர்த்தனையோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் விடை கிடைக்கும். ஸ்மார்ட்போன் இல்லாதவர் கிளைக்குத்தான் போக வேண்டும்.

கிளையில் வாய்மொழியாகக் கேட்காமல் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பாஸ்புக் விவரம் பற்றிய ரிசர்வ் வங்கி விதியைக் குறிப்பிட்டால் மரியாதை சற்றுக் கூடும். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான உதவி எண் 14448. திருட்டு என்று உறுதியானால் வங்கியோடு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் உடனே சொல்லுங்கள்.

வங்கிகளுக்குச் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. பாஸ்புக் பதியும் இயந்திரத்துக்கு மேல் சுவர் காலியாகத்தான் இருக்கிறது. எந்தக் குறியீட்டுக்கு என்ன பொருள், என்ன கட்டணம் என்று தமிழில் பெரிய எழுத்தில் அங்கே ஒரு பட்டியல் ஒட்டட்டும். தாங்களும், மே மாதம் வருவதற்குள், அந்த 436-ஐயும் 20-ஐயும் பற்றி முதல் பக்கத்தில் இல்லாவிட்டாலும் மாவட்டச் செய்திப் பக்கத்திலாவது ஒரு பெட்டிச் செய்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்,
மன்னார்குடி