வாளியா, எவர்சில்வரா?

டர்பன், தென்னாப்பிரிக்கா
அக்டோபர், ஞாயிறு மதியம்

மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்றதில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. சின்னவளுக்கு மாதக் கடைசியில் மெட்ரிக், அதாவது பள்ளி இறுதிப் பரீட்சை தொடங்குகிறது. வீட்டில் டிவி கிடையாது, சத்தம் கிடையாது. நான் காரேஜில் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் இந்நேரம் ஜகரண்டா பூத்துத் தெருவெல்லாம் ஊதாவாகக் கிடக்கும்.

வீட்டில் பீர் காய்ச்ச நீ வாங்க நினைக்கும் ஃபெர்மெண்டர், அதான் பீரைப் புளிக்க வைக்கும் பாத்திரம், அதன் படத்தைப் பார்த்தேன். எவர்சில்வர், கூம்பு அடி, மூன்று கால், இரண்டு வால்வு. ராக்கெட் மாதிரி அழகாகத்தான் இருக்கிறது. வாங்காதே.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் என் முதல் வாளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 26 நள்ளிரவில் ஊரடங்கு வந்தது, கூடவே மது விற்பனையும் நின்றது. ஜூன் 1 வரை ஒரு சொட்டு கிடையாது. வீட்டிலேயே காய்ச்ச நாடே அன்னாசியும் சர்க்கரையும் ரொட்டி ஈஸ்ட்டுமாக அலைந்தது உனக்கும் ஞாபகம் இருக்கும். எனக்குப் பாத்திரம் தந்தது அடுத்த வீட்டு ஆயா. அவருடைய தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். ஆயாவுக்குத் தமிழில் மாரியம்மன் பாட்டு முழுசாக வரும், பேச்சுதான் வராது. 25 லிட்டர் வெள்ளை வாளி, மூடி கச்சிதம். ஆனால் அதற்கு முன்னால் அதில் இருந்தது மாங்காய் அச்சார். சோடா மாவு போட்டுக் கழுவினேன், மூன்று நாள் வெயிலில் வைத்தேன். பிறகு அதில் காய்ச்சியதை ஐந்தாம் நாள் என் மைத்துனன் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்குத் தயிர்சாதம் இருக்கா?" என்று கேட்டான்.

பிளாஸ்டிக் வாடையை விடாது. அது ஒன்று. இன்னொன்று, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை அதன் மேல் வைக்கக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், பாக்டீரியா அங்கே குடியேறிவிடும், எந்த மருந்து போட்டாலும் வெளியே வராது. நம்மூர்க் கள்ளுக் கலயத்தை நினைத்துப் பார். மண்ணின் துளைகளில் பழைய ஈஸ்ட் தங்கியிருந்து, சொட்டும்போதே புளிக்க ஆரம்பித்துவிடும். பதநீர் வேண்டுமென்றால் உள்ளே சுண்ணாம்பு தடவியாக வேண்டும். பீருக்கு நாம் போட்ட ஈஸ்ட்டைத் தவிர வேறு யாரும் உள்ளே இருக்கக்கூடாது. அதனால் உணவுக்கான புது வாளி, மெல்லிய துணி, கீறல் விழுந்தால் வேறு வாளி. விலை மலிவு என்பதால் தூக்கிப் போடவும் மனசு வரும்.

கண்ணாடிக் குடுவை பற்றிக் கேட்டிருந்தாய். என் வலது காலில் ஏழு தையல் இருக்கிறது, அதுதான் பதில். நிறைந்த குடுவை 30 கிலோவுக்குப் பக்கத்தில் வரும், ஈரக் கையில் நிற்காது. போதாததற்கு வெளிச்சம் பட்டால் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் சத்து கெட்டு நாறும், கறுப்புத் துணி போர்த்தி வைக்க வேண்டும்.

எவர்சில்வர் கெட்ட சாமான் இல்லை. சுலபத்தில் கீறல் விழாது, காற்று புகாது, வெளிச்சம் புகாது. ப்ளீச் மட்டும் ஆகாது, குழி விழும். இரண்டு வருஷம் முன்னால் நானும் ஒன்று வாங்கினேன். மூன்று முறை தொடர்ந்து பீர் கெட்டுப் புளித்துப்போனது. கடைக்காரர் என் தண்ணீரைக் குறை சொன்னார். கடைசியில் அடி வால்வை ஸ்பானர் வைத்துத் திருகிப் பிரித்தால், உள்ளே பாலாடைக்கட்டி மாதிரி ஒரு கசடு. முகர்ந்ததும் புரிந்துவிட்டது. ஒவ்வொரு வால்வும் ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ வேண்டிய சாமான். வாளிக்குழாயும் அப்படித்தான், ஆனால் அதைக் கையாலேயே கழற்றிவிடலாம்.

அந்தப் பணத்தைக் குளிர்ச்சியில் போடு, மச்சான். ஏல் என்கிற பீர் வகைக்கான சாதாரண ஈஸ்ட் 18-லிருந்து 20 டிகிரிக்குள் ஒழுங்காக வேலை செய்யும். முதல் மூன்று நாள் அது வேலை செய்கிற வேகத்தில் தானே சூடு கிளப்பும். அறையைவிட வாளி நாலைந்து டிகிரி ஏறி நிற்கும். அப்போது விட்டுவிட்டால் பீரில் வாழைப்பழ வாடை, மறுநாள் தலைவலி. எந்த எவர்சில்வரும் அதைத் தடுக்காது. பழைய பெட்டி ஃப்ரீசர் ஒன்றும் ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்கி, வாளியை உள்ளே இறக்கி வை. மின்வெட்டு வந்தாலும் 20 லிட்டர் திரவத்தின் வெப்பநிலை இரண்டு மணி நேரத்தில் அசையாது.

ஃப்ரீசர் கிடைக்கும் வரை அகலத் தொட்டியில் தண்ணீர் விட்டு, வாளியை நிறுத்தி, ஈரத் துண்டைச் சுற்று. மதுரையில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும், சென்னையில் சும்மா இருக்கும், பார்த்திருக்கிறாய் அல்லவா? அதே கதைதான். உங்கள் ஊர் 1,750 மீட்டர் உயரம், காய்ந்த காற்று, துண்டு வேலை செய்யும். இங்கே கடல் ஈரத்தில் அது வெறும் ஈரத் துண்டாகவே இருக்கும். பிப்ரவரியில் நான் நார்வே நாட்டு க்வைக் ஈஸ்ட்டுக்கு மாறிவிடுகிறேன். அது 35 டிகிரியிலும் சிரித்துக்கொண்டே வேலை செய்யும். உனக்கோ ஜூலையில் வாளிக்குக் கம்பளி போர்த்த வேண்டியிருக்கும்.

அளவில் கஞ்சத்தனம் பண்ணாதே. 20 லிட்டர் காய்ச்சினால் 30 லிட்டர் வாளி. இட்லி மாவுக்கு அம்மா எப்படிப் பாத்திரம் எடுப்பாள், அப்படி. நான் ஒரு தடவை கழுத்து வரை ஊற்றினேன். நுரையும் ஹாப்ஸ் தூளும் ஏர்லாக்கை, அதாவது வாயுவை மட்டும் வெளியே விடும் மூடிக் குழலை, அடைத்து, ராத்திரி இரண்டு மணிக்கு மூடி பறந்தது. வீட்டம்மா துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்து அலார பட்டனை அழுத்திவிட்டாள். பாதுகாப்புக்காரர்கள் இரண்டு பேர் டார்ச்சோடு வந்து காரேஜ் கூரையில் பழுப்புக் கறையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கறை இன்னும் இருக்கிறது. முதல் இரண்டு நாள் ஏர்லாக்குக்குப் பதில் தடித்த ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர்ச் சொம்பில் விட்டுவிடு.

ஏர்லாக்கில் குமிழி வரவில்லை என்று பதறாதே. வாளி மூடி ஓரத்தில் லேசாகக் கசியும், அவ்வளவுதான். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவையான ஹைட்ரோமீட்டரை நம்பு. 1.048-ல் தொடங்கி 1.010 பக்கம் வந்து மூன்று நாள் அசையாமல் நின்றால் பாட்டிலில் அடை. அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும்.

இதையெல்லாம் அலுவலகத்தில், டர்பன் புறநகரான குவாமாஷுவிலிருந்து வரும் ஓர் அம்மாவிடம் சொல்லி மாட்டிக்கொண்டேன். அவர் பாட்டி பெரிய பானையில் சோள முளையும் மக்காச்சோள மாவும் போட்டு உம்கொம்போத்தி என்கிற நாட்டு பீர் காய்ச்சுவாராம். மூடி இறுக்கம் இல்லை, ஏர்லாக் இல்லை, புளித்துக்கொண்டிருக்கும்போதே ஊரே குடித்து முடித்துவிடும். "நீ மூன்று வாரம் எதுக்குக் காவல் இருக்கிறாய்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

டிசம்பரில் குடும்பத்தோடு வா. ஜார்ஜ் ஊர்ப் பக்கத்தில் விளைந்த ஆஃப்ரிக்கன் குவீன் என்ற ரக ஹாப்ஸ் ஃப்ரீசரில் இருக்கிறது, சேர்ந்து காய்ச்சுவோம். போகும்போது ஒரு நல்ல வாளியும் எடுத்துப் போ. அச்சார் வாளியைத்தான் கேட்டாய் என்றால் அது இல்லை, ஆயாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்த வருஷ மாங்காயில் பீர் வாடை அடிக்கிறதாம், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் திட்டு விழுகிறது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்