பொதியின் மேல் விற்றவரின் பெயர் வேண்டும்

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தலைவருக்கும் அலுவலர்களுக்கும், வணக்கம்.

யானைக்குப் பயந்து வயலிலும் வளவிலும் இரவில் வெளிச்சம் வைக்கும் ஊர்கள் எங்களுடையவை. அதனால் முகநூலில் ‘300 வாட்’ என்று காட்டும் சோலார் விளக்குகள் மல்லாவிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் பொதி பொதியாக வருகின்றன. ஒரு சதுர மீற்றரில் விழும் உச்சி வெயில் ஏறத்தாழ 1000 வாட். நல்ல சோலார் தகடு அதில் ஐந்திலொன்றைத்தான் மின்சாரமாக்கும். விளக்கோடு வரும் தகடு 30க்கு 35 சென்ரிமீற்றர் என்றால் 20 வாட் அளவுதான். ஐந்து மணிநேரம் நல்ல வெயில் கிடைத்தாலும் சேர்வது 100 வாட் மணி. உண்மையில் 300 வாட் விளக்கென்றால் 20 நிமிடத்தில் அணைந்துவிடும்.

இப்படிப் பொய் சொல்லி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் யார் மேல் முறையிடுவது? முறைப்பாட்டை எழுத்தில், விற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. முகநூல் பக்கத்தில் முகவரி இராது. “அடுத்த கிழமை மாத்தித் தாறம்” என்ற வட்ஸ்அப் பதில்களிலேயே அந்த 3 மாதமும் கரைந்துவிடும். பிறகு பக்கமும் இராது.

விற்றவர் யாரென்று கூரியர் நிறுவனத்துக்குத் தெரியும். வாசலில் வாங்கிய காசை அவருடைய கணக்குக்குத்தானே அனுப்புகிறது! சந்தைப்படுத்தலுக்கும் விற்பனைக்கும் நிபந்தனை விதிக்க 10ஆம் பிரிவு உங்களுக்கு அதிகாரம் தருகிறது. இணையத்தில் விற்பவர் தன் பெயர், முகவரி, வணிகப் பதிவிலக்கம் மூன்றையும் விளம்பரத்திலும் பொதியின் சிட்டையிலும் போடவேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். அவை இல்லாத பொதியைக் கூரியர் ஏற்கக்கூடாது. சிட்டை இலக்கத்தைக் கொண்டு விற்றவரைத் தேடிப்பிடிப்பது உங்கள் மாவட்ட அலுவலர்களின் வேலையாகட்டும்; புதுக்குடியிருப்பில் இருக்கும் கமக்காரரால் அது முடியாது.

காசு கொடுக்கமுன் பொதியைத் திறந்து பார்க்கவிடுவதுமில்லை. ஆகவே விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, ஒட்டியிருந்த சிட்டை, பொதி திறக்கும்போது வெட்டாமல் எடுத்த காணொளி இம்மூன்றும்தான் வாங்கியவரின் கையில் உள்ள சான்று. பற்றுச்சீட்டு இல்லையென்று அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். இலத்திரனியல் பதிவு என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைத் தள்ளிவிட 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இடம் தரவில்லை.

இப்படிக்கு,
வன்னியில் முறைப்பாடு எழுத உதவுவோர்