மாநகராட்சிக்கு ஒரு வரலாற்றாளர் வேண்டும்

ஐயா,

மதுரையின் பழைய கோட்டைச் சுவரை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து, அகழியைத் தூர்த்தார். வெளி வீதிகள் பிறந்தது அப்படித்தான். அந்த வேலையில் இருந்த நில அளவையாளர் மாரட், பெருமாள் மேஸ்திரி இருவரின் பெயர்களும் இன்றும் வீதிகளில் வாழ்கின்றன. ஆனால் அவர்கள் யார் என்று பள்ளிக்கூடத்துக்காக என் மகள் கேட்டபோது, எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்றே எனக்குத் தெரியவில்லை.

1866இல் நகராட்சியாகி, 1971இல் மாநகராட்சியான ஊர் இது. எங்கள் தாத்தாவின் வீட்டு வரி ரசீதுகளை இன்னும் வைத்திருக்கிறேன்; மடிப்பில் கிழிந்து, மை மங்கிவிட்டது. இப்படி எத்தனை வீட்டுப் பரண்களில் எத்தனை காகிதங்கள் செல்லரித்துப் போகின்றனவோ! வீடு இடிக்கும்போது அவையும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. நெஞ்சு பதைக்கிறது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நகரம், சிற்றூர் எதுவானாலும் உள்ளூர் வரலாற்றாளரை நியமிக்க 1919இலேயே சட்டம் வந்தது. நம் மாமன்றமும் வரும் பட்ஜெட்டிலேயே இதற்கென நிதி ஒதுக்கி, கல்வெட்டும் பழைய ஆவணங்களும் படிக்கத் தெரிந்த ஒருவரை முழுநேரப் பணியில் அமர்த்த வேண்டும். வீதி வீதியாகப் போய் முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது அவருடைய முதல் வேலையாக இருக்கட்டும்.

ஒரு வாசகர்,
மதுரை